நாலாக மடித்த பத்திரிகை

பெஞ்சில் உட்கார்ந்ததும் சார் முதலில் செய்கிற காரியம் பத்திரிகையை மடிப்பது. விரித்த தாளை நடுவில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு. நாலாக மடிந்து கைக்கு அடக்கமாக நிற்கும் அந்தத் தாளில் அவர் படிக்கப் போகிற செய்தி மட்டும் மேலே தெரியும். அது முடிந்ததும் பிரித்து, திருப்பி, வேறு வாக்கில் மடிப்பார். அடுத்த செய்தி மேலே வரும். இஸ்திரி போடுகிறவர்கள்கூடச் சட்டையை அத்தனை பதமாக மடித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவருக்குத் தாள் இடிக்கக் கூடாது, பஸ் போகிற காற்றில் படபடக்கக் கூடாது, யாராவது சாயாவைச் சிந்தினாலும் மொத்தமாக நனைந்துவிடக் கூடாது. இப்படி அந்த மடிப்புக்கான காரணங்களை நானே கண்டுபிடித்து, மனிதர்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பெருமையும் பட்டுக்கொண்டேன். வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திருவனந்தபுரத்தில், வலியசாலைப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சாயாக்கடை இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு நானும் வீட்டுக்காரரும் வந்து போட்ட கடை. இடம் வாடகைக்கு; கட்டடத்துக்கு உடைமைக்காரர் வளைகுடாவில் இருந்தார். "கை எனக்கு, வாய் உனக்கு" என்று வேலையைப் பிரித்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அவர் சாயா அடிப்பார், வடை போடுவார், நான் பேசுவேன். பேசுவதென்றால் சும்மா பேசுவதல்ல. ஒரு மனிதர் வாய் தவறி நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாலு பேரிடம் சொல்லிப் பார்த்து, சொன்னவரிடமே திருப்பிக் கொடுத்து அவரைச் சிரிக்க வைப்பேன். பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. தமிழைச் சரளமாகப் படிக்கப் பழகியது வடை கட்ட வந்த பழைய தாள்களில்தான். மலையாளத்தில் எனக்குப் பேசத் தெரியும், பேரம் பேசத் தெரியும், சண்டை போட நன்றாகவே தெரியும். படிக்க மட்டும் தெரியாது. அந்த எழுத்து எனக்கு வாசலில் யாரோ போட்ட கோலம் மாதிரி. அழகாக இருக்கும், அவ்வளவுதான். மகள் ஊரில் என் அக்கா வீட்டில் இருந்து படித்ததால் அவளுக்கும் அதே கதி.

கடைக்குள் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்த நீளப் பெஞ்சுக்குத் தமிழ் பெஞ்சு என்றே பெயர். மலையாளிகள் வெளியே நின்றபடி குடித்துவிட்டுப் போவார்கள். உள்ளே உட்காருவது நம் ஆட்கள். நாகர்கோவில் பக்கத்துப் பெயிண்டர் அண்ணன், பக்கத்து ஹோட்டலில் பரோட்டா வீசுகிற மாஸ்டர், கட்டட வேலைக்குப் போகிற சிலர். எல்லோரும் என் ஜாதிதான், அதாவது மலையாளம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத ஜாதி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அக்ரஹாரத்து முனையில் சாருடைய வீடு. ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, விபூதி காயும் முன்பே ரோட்டைத் தாண்டி வந்து, "ஒரு விதௌட்" என்று சர்க்கரை போடாத சாயா கேட்பார். ஒரு மழை நாளில் கையில் பத்திரிகையோடு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "தனியாச் சிரிச்சா எப்படி சார்? எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். சார் தலையை நிமிர்த்தி எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மலையாளத்தில் அச்சடித்திருந்ததைத் தமிழிலேயே, எங்கும் தட்டாமல், வாசித்தார். கண் ஒரு மொழியில் ஓட, வாய் வேறொரு மொழியில் ஓடியது. சாயா ஆற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஆற்றுவதை மறந்து நின்றார். அன்று தொடங்கியதுதான் அது.

அதற்குப் பிறகு எங்கள் பெஞ்சுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயமே உலகத்தில் கிடையாது. தேர்தல் வந்தால் சார் செய்தியைப் படிப்பார், பெயிண்டர் அண்ணன் தீர்ப்புச் சொல்வார்: "டப்பா மூடியில இருக்கிற கலர் வேற, செவத்துல காஞ்ச பொறவு வார கலர் வேற. ஓட்டும் அதே." ஏதாவது மந்திரி எதையாவது திறந்து வைத்தால், "தெறக்குறதுக்கு வாராங்க, பூட்டுறதுக்கு ஒருத்தனையும் காணோம்" என்பார். கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ரீல்ஸ் எடுப்பதற்காக மூன்று தடவை தாலி கட்டிய கதையைக் கேட்டு மாஸ்டர், "முதல் கட்டு கணக்கா, கடைசிக் கட்டு கணக்கா சார்?" என்று சந்தேகம் கேட்டார். சாரும் சும்மா படிக்கிறவர் இல்லை. "ஜெயிச்சவன் கும்பிடறான், தோத்தவன் அறிக்கை விடறான். ரெண்டு பேரும் வாசலோட சரி, உள்ள வரமாட்டா, கேட்டேளா" என்பார். அவர் வீட்டுப் பழைய தமிழ், எங்கள் தென்காசித் தமிழ், நடுவில் தாளிதம் மாதிரி மலையாளம். சத்தம் அதிகமானால் ரோட்டில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, அகத்து நியமசபையோ?" என்று கேட்பார்கள். சட்டசபைதான், சந்தேகமென்ன. சம்பளம் இல்லாத சட்டசபை.

கடைசிச் செய்தி முடிந்ததும் தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பார். எனக்கு மட்டும் மனசு ஆறாது. "அவ்வளவுதானா சார்?" என்பேன். "அவ்வளவுதான்மா. இன்னைக்கு லோகம் இவ்வளவுதானாக்கும்" என்பார். அந்த வாக்கியத்தை நான் எத்தனை இடத்தில் எடுத்துப் போட்டிருக்கிறேன் தெரியுமா? குழம்பு தீர்ந்தால், பஸ் போய்விட்டால், மகளிடம் போனில் பேசி முடித்தால், இன்னைக்கு லோகம் இவ்வளவுதானாக்கும். சொல்லும்போதே மனசு ஒரு அளவுக்கு வந்து நிற்கும். ஒரு படித்த மனிதர் தினமும் உலகத்தை நமக்காக அளந்து, இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை என்று கையில் கொடுத்துவிட்டுப் போகிற நிம்மதி அது.

மகள் எனக்கு நல்ல போன் ஒன்று வாங்கி அனுப்பியபோது சாருக்கு அது பிடிக்கவில்லை. எந்த எழுத்துக்கு நேரே காட்டினாலும் தமிழாக்கிப் படித்துக் காட்டுகிற வசதி அதில் இருக்கிறது என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். மருந்துச் சீட்டையும் பஸ் போர்டையும் காட்டி நான் விளையாடிக்கொண்டிருந்தேன். "பேப்பர் மரியாதையான சாதனம்மா. கேட்டதைச் சொல்லிட்டு நிறுத்திக்கும். இது இருக்கே, கேக்காததையும் சொல்லும்" என்றார் சார். நல்ல வாக்காகப் பட்டது. அதையும் பிடித்து வைத்துக்கொண்டேன். சார் இருக்கும்போது பத்திரிகைக்கு நேரே போனை நீட்டுவது, சமைத்துப் போடுகிறவர் முன்னால் வேறு கடைச் சோற்றைப் பிரிக்கிற மாதிரி இருக்கும் என்று நீட்டாமலே விட்டேன்.

ரோபோ வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏதோ வெளிநாட்டில் ஹோட்டல் ஒன்றில் இயந்திர மனிதன் சமைத்துப் பரிமாறுகிறானாம். சார் அன்றைக்கு என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார். குரலை ஏற்றி இறக்கிப் படித்தார், இயந்திரம் மாதிரி கையை விறைப்பாக நீட்டிக்கூடக் காட்டினார். எல்லோரும் மாஸ்டரை ஓட்டத் தொடங்கினார்கள். "மாஸ்டரே, பெட்டி படுக்கையைக் கட்டும். உமக்கு மாத்து ஆள் வந்தாச்சு." மாஸ்டர் அசரவில்லை. "வரட்டும்லே. அதுக்குக் கை சுடுமா? சுடாதுல்லா? பொறவு எப்படித் தெரியும் கல்லு காஞ்சிருக்கா இல்லியான்னு?" பெஞ்சே குலுங்கியது. சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று ரோபோவோடு கச்சேரி முடிந்தது. "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டேன். பத்திரிகையை இன்னும் ஒரு தடவை நீவி மடித்துக்கொண்டே, "இன்னைக்கு லோகம் இவ்வளவுதானாக்கும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அளவு நாடாவோடு ஆட்கள் வந்தார்கள். எங்கள் கடையின் பின்சுவரில், அதுவும் அடுப்புக்கு அந்தப் பக்கத்தில், மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டார்கள். ரோட்டை அகலமாக்குகிறார்களாம். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் போகும் என்றால், கடையில் போகாமல் நிற்பது அந்தச் சுவர் ஒன்றுதான். பெயிண்டர் அண்ணன் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "மட்டமான பெயிண்டு" என்று மட்டும் சொன்னார். அன்று சார் எங்களுக்காகக் கொதித்தார். ஏழைகளுக்கு இந்த ஊரில் கேள்வி முறை கிடையாதா, வளர்ச்சி என்பது யாருக்கு என்று வெகுநேரம் பேசினார். கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

அவர் கொடுத்த தைரியத்தில்தான் நானும் வீட்டுக்காரரும் ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பெண் மரியாதையாகத்தான் பேசினார். எந்தப் பக்கம் எடுப்பது என்று முதலில் முடிவாகவில்லை, அதற்காகவே ஒரு கூட்டம் வைத்தோம், அக்ரஹாரத்துப் பக்கத்திலிருந்து எல்லோரும் வந்து பேசினார்கள், கடைக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லையே என்றார். "எங்களுக்குத் தெரியாதே" என்றேன். "பத்ரத்தில் உண்டாயிருந்தல்லோ" என்றார். பத்திரிகையில் வந்திருந்ததாம். அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. மேஜையைத் தட்டி, மலையாளத்தில், அந்த அறையே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னேன்: "பத்திரிகையில் வந்திருந்தால் எங்கள் சார் படித்திருப்பார். ஒரு நாள் விடாமல் படிக்கிறவர். அவர் படிக்கவில்லை என்றால் நீங்கள் போடவில்லை." வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "நல்லா கேட்ட" என்றார். அவர் என்னைப் பாராட்டுவது அபூர்வம்.

படித்து முடித்த தாள்களைச் சேர்த்துக் கட்டி, வடை கட்டுவதற்காகச் சார் எங்களுக்கே கொடுப்பது வழக்கம். மத்தியானத்தில் கூட்டமில்லாத நேரத்தில் அவற்றைக் கிழித்து அடுக்கி வைப்பேன். அப்படி ஒரு நாள் கிழிக்கப் போன தாளில் ஒரு படம். கையில் தட்டோடு இயந்திர மனிதன். அன்றைய சிரிப்பு ஞாபகம் வந்து கிழிக்காமல் வைத்துக்கொண்டேன். மாஸ்டருக்குக் காட்டி மறுபடியும் வம்புக்கு இழுக்கலாம், அவர் சொன்ன பதிலை அந்தச் செய்தியோடு சேர்த்து மகளுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்துத் தாளுக்கு நேரே பிடித்தேன். கை கொஞ்சம் விலகியதில் போன் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. ரோபோவைப் படித்து முடித்துவிட்டு, ஒரு மூச்சுக்கூட விடாமல், அடுத்ததைப் படிக்கத் தொடங்கியது. கரடுமுரடான தமிழ். ஆனாலும் புரிந்தது. எங்கள் ரோட்டின் பெயர். அகலப்படுத்துவது. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யக் கூட்டம். வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, வாடகைக்குக் கடை நடத்துகிறவர்களும் வந்து தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லலாம்.

போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். திருப்பித் திருப்பி அதையே சொன்னது. தாளைத் தடவிப் பார்த்தேன். ரோபோவுக்கும் அந்தச் செய்திக்கும் நடுவே, நகத்தால் இழுத்த மடிப்பு கத்தி வைத்த மாதிரி ஓடியது. ரோபோ மேலே இருந்தபோது எங்கள் கடை அடியில் அவருடைய உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உலகத்தில் நடந்த அத்தனைக்கும் கேட்காமலே அபிப்பிராயம் சொன்ன பெஞ்சு அது. முதல் தடவையாக எங்களிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நாங்கள் வெளிநாட்டு ரோபோவுக்குக் கை சுடுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். இன்னொன்றையும் நினைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளை அவர் வீட்டில் வைத்திருக்கலாம், கொளுத்தியிருக்கலாம். கட்டோடு சேர்த்து எங்கள் கையிலேயே கொடுத்தார். எங்களுக்குப் படிக்க வராது என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே சார் வந்தார். நான் அந்தத் தாளைப் பெஞ்சில் முழுதாக விரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு படிச்சுச் சொன்னா?"

"போன் சார். கேக்காததையும் சொல்லிட்டுது."

"இத்தனை காலமா நான் படிச்சதுல ஒரு பொய் உண்டா, சொல்லு. இல்லாத ஒரு வார்த்தையை நான் சேத்துச் சொல்லிருக்கேனா?"

"இல்ல சார். நீங்க எதையும் சேக்கல."

அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டைப் பார்த்தார். ரோட்டை ஒட்டிய அறையின் ஜன்னல் திறந்திருந்தது. அதற்குள் சாருடைய மனைவி, எங்களுக்கு மாமி, படுத்த படுக்கையாக இருந்தார். கூட்டம் குறைந்த நேரத்தில் நான் போய் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடை வம்பெல்லாம் சொல்லிவிட்டு வருவேன். மாமிக்கு என் பேச்சென்றால் உயிர். "எங்க பக்கம் எடுத்திருந்தா அந்த ரூமைத்தான் முதல்ல இடிச்சிருப்பான். அவளைத் தூக்கிண்டு நான் எங்கேம்மா போவேன்?" என்றார் சார். குரல் உடைந்திருந்தது. அது நடிப்பில்லை.

"அதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? மாமிக்காக அந்தக் கூட்டத்துல நானே பேசியிருப்பேனே. என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றார். "தெரிஞ்சதுனாலதான்."

சாயாவைத் தொடாமல் எழுந்து போனார். எனக்கு அவர் சொன்னதன் அர்த்தம் மெதுவாகத்தான் உறைத்தது. என் வாய்க்கு அவர் பயந்திருக்கிறார். அவருடைய பயம் நியாயம்தானோ என்னவோ. கடையா, மாமியின் அறையா என்று கூட்டத்தில் கேட்டிருந்தால் நான் எந்தப் பக்கம் பேசியிருப்பேன்? எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பைத்தான் அவர் மடித்து வைத்துக்கொண்டார். வீட்டைக் காப்பாற்றியதற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை. யாராக இருந்தாலும் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கையை நீட்டி ரோபோ மாதிரி நடித்துக் காட்டினாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்புக்குள் வைத்து எங்களை விற்றுவிட்டார். மஞ்சள் கோட்டின் முன்னால் நின்று ஏழைகளுக்காகக் கொதித்தாரே, அதில் எவ்வளவு நிஜம் என்று நான் இன்றைக்கும் யோசித்துப் பார்ப்பதுண்டு. முழுவதும் நிஜம் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இப்போது எங்களுக்குச் சாலைச் சந்தை என்கிற பெரிய மார்க்கெட்டின் பின்சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில், குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கடை. பெயிண்டர் அண்ணனும் மாஸ்டரும் சுற்று வழியாகவாவது வந்துவிடுகிறார்கள். பத்திரிகை நாங்களே போடச் சொல்லி வாங்குகிறோம், போன் படிக்கிறது. மரணத்தையும் தங்க விலையையும் அது ஒரே குரலில் சொல்லும். சிரிக்காது, எங்களைச் சிரிக்க விடவும் செய்யாது. பெஞ்சும் பழைய பெஞ்சு இல்லை. யாராவது வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒன்றைச் சொன்னால், பெயிண்டர் அண்ணன் குரலைத் தாழ்த்தி, "இது முழுசா, மடிச்சதா?" என்று கேட்கிறார். நல்ல வாக்குத்தான். எனக்குத்தான் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

போன வாரம் சார் வந்தார். எப்படிக் கண்டுபிடித்தாரோ, சந்துக்குள் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, குனிந்து உள்ளே நுழைந்து, பழைய மாதிரியே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. வீட்டுக்காரர் கேட்காமலே ஒரு விதௌட் போட்டார். "மாமிக்கு எப்படி சார் இருக்கு?" என்றேன். "அப்படியே இருக்கா. ஜன்னலை மூடியே வெச்சிருக்கோம். ரோடு அகலமானதுலேர்ந்து ஒரே வண்டிச் சத்தமாக்கும்" என்றார். பிறகு பெஞ்சில் கிடந்த எங்கள் பத்திரிகையை எடுத்தார். அவர் நினைத்துச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். கை தானாகச் செய்தது. நடுவில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, நகத்தால் ஒரு இழுப்பு. "படிக்கட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்காக என் மேலேயே எரிச்சலாகவும் வந்தது. அவர் கையிலிருந்து பத்திரிகையை வாங்கி, பிரித்து, பெஞ்சில் முழுதாக விரித்தேன். மூலைக்கு மூலை சாயா கிளாஸை வைத்தேன்.

"விரிச்சு வச்சுப் படிங்க சார்."

அத்தனை பெரிய தாளை ஒரே சமயத்தில் பார்த்து அவருக்குப் பழக்கமில்லையோ என்னவோ, விரல் மேலும் கீழுமாகப் போய் வந்தது. "எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டார். "மேல் மூலையில இருந்து சார்" என்றார் பெயிண்டர் அண்ணன். "கீழ் மூலை வரைக்கும். வேலைக்கு லேட்டானாலும் கொழப்பம் இல்ல." அதில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத நாங்கள் எல்லோரும் அவர் விரலைப் பார்த்தபடி தாளின் மேல் குனிந்திருந்தோம். சார் படித்தார். செய்தி, விளம்பரம், காணாமல் போன மாடு, எல்லாம். யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை. கடைசி வரி முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த "அவ்வளவுதானா சார்?" என் நாக்கு நுனி வரை வந்தது. நான் கேட்கவில்லை. கழுவுவதற்காகக் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிக் கிளாஸை எடுத்ததும், அவர் நகத்தால் இழுத்திருந்த அந்த மடிப்பிலேயே, பத்திரிகை தானாக மெல்ல மடங்கியது.